விளக்கு எரிந்தால் சென்சார்தான் குற்றவாளியா? – ஆக்சிஜன் சென்சாரின் வரலாறு

காரின் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். சாவியைத் திருப்பியதும் எரியும், எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அணைந்துவிடும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால்தான் வீட்டில் பட்டிமன்றம் ஆரம்பிக்கும். "வண்டி நல்லாத்தானே ஓடுது, அது பாட்டுக்கு எரியட்டும்" என்பார் ஒருவர். "சென்சார் போயிருக்கும், புதுசு வாங்கி மாட்டிடலாம்" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதிலும் கோளாறு இருக்கிறது. எப்படி என்று புரிய, அந்த விளக்கு எதற்காக வந்தது என்று தெரிய வேண்டும். அது ஒரு நீளமான கதை. அதில் அன்னாசிப்பழம் வருகிறது, உலகப்போர் வருகிறது, தோற்றுப்போன ஒரு மின்விளக்கு வருகிறது. மெக்கானிக்கல் படிக்காத நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். சமன்பாடு எதுவும் கிடையாது, சத்தியம் :-)

1943: தப்பான ஆளைப் பிடித்தார்கள்

1943 ஜூலை 26. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். காலையிலேயே ஊரை ஒரு பழுப்புப் புகை மூடிக்கொண்டது. கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் ஜப்பான்காரன் விஷவாயு வீசிவிட்டான் என்று சிலர் பயந்தே போனார்கள்.

விஷவாயு இல்லை என்று தெரிந்ததும் உள்ளூரில் குற்றவாளியைத் தேடினார்கள். அலிசோ தெருவில் பியூட்டடையீன் தயாரிக்கும் ஆலை ஒன்று இருந்தது. போருக்குச் செயற்கை ரப்பர் செய்ய அந்த ரசாயனம் தேவைப்பட்டது. ஆலையைச் சுற்றி நாற்றமும் இருந்தது. போதாதா? மக்கள் கொதித்தார்கள், ஆலையைக் கொஞ்ச நாள் மூடினார்கள்.

புகை அப்படியே இருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அறிகுறி தெரிகிறது. பக்கத்தில் சந்தேகப்படும்படியாக ஒன்று நிற்கிறது. அதை நீக்கிப் பார்க்கிறோம், அறிகுறி போகவில்லை. இன்றைக்குப் பல ஒர்க்‌ஷாப்களில் நடப்பதும் இதேதான்.

1947-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் காற்று மாசுக் கட்டுப்பாட்டுக்கென்று தனி அமைப்பு உருவானது. முதலில் அவர்கள் சந்தேகப்பட்டது கந்தக டை ஆக்சைடை. லண்டன், பிட்ஸ்பர்க் போன்ற நிலக்கரி நகரங்களில் பிரச்சினை செய்வது அதுதான் என்பதால் இங்கேயும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையைக் கட்டுப்படுத்தினார்கள். வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் குப்பை எரிக்கும் அடுப்புகள் இருந்தன. அவற்றையும் 1957-ல் தடை செய்தார்கள். எல்லாமே நல்ல காரியங்கள்தான். ஆனாலும் கண் எரிச்சல் நிற்கவில்லை.

அன்னாசிப்பழ விஞ்ஞானி

கால்டெக்கில் ஆரி ஹாகன்-ஸ்மித் என்று ஒரு வேதியியல் பேராசிரியர். நெதர்லாந்தில் பிறந்தவர். அன்னாசிப்பழத்தின் வாசனை எந்தெந்தப் பொருட்களால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பழத்தின் ஆவியை மிகக் குளிர்ந்த குழாயில் பிடித்து, உறையவைத்து, பிரித்துப் பார்ப்பது அவர் வேலை. அதே கருவியை ஜன்னலுக்கு வெளியே இருந்த காற்றின் மீது திருப்பினார். கிடைத்தது சில துளி பழுப்புத் திரவம், தாங்க முடியாத நாற்றம்.

அதை ஆராய்ந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இந்தப் புகையில் பெரும்பகுதியை எந்தப் புகைபோக்கியும் நேரடியாகக் கக்கவில்லை. எரியாத பெட்ரோல் ஆவியும் (ஹைட்ரோகார்பன்) நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்து, மேலே வெயில் படும்போது, காற்றிலேயே ஓசோன் உண்டாகிறது. கண்ணை எரிக்கும் மற்ற பொருட்களும் அப்படித்தான் உண்டாகின்றன. வெயிலுக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் பஞ்சமே இல்லை. ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் எங்கிருந்து வருகின்றன? சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும், லட்சக்கணக்கான கார்களிலிருந்தும்.

அவர் பயன்படுத்திய அளவுகோல் ரசிக்கும்படியானது. ஓசோன் பட்டால் ரப்பர் வெடிக்கும். லாஸ் ஏஞ்சல்ஸில் டயர்கள் சீக்கிரம் வெடிப்பு விடுவதை எல்லாரும் கவனித்திருந்தார்கள். வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டில் எத்தனை நிமிடத்தில் விரிசல் விழுகிறது என்று பார்த்தே காற்றில் ஓசோன் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அந்த ரப்பர் துண்டும் ஒரு சென்சார்தான்!

எண்ணெய்த் தொழிலின் பணத்தில் இந்த மாசை ஆராய்ந்துகொண்டிருந்தது ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம். அவர்கள் ஹாகன்-ஸ்மித்தின் முடிவைப் பொதுக்கூட்டத்திலேயே மறுத்தார்கள். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்னாசிப்பழத்தை ஓரங்கட்டிவிட்டு முழுமூச்சாக இதை நிரூபிக்க இறங்கினார். 1950-களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்டவைதான் இன்றுவரை நிற்கின்றன. 1967-ல் உருவான கலிஃபோர்னியா காற்று வள வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே.

டெட்ராய்டும் சட்டமும்

குற்றவாளி கார் என்று தெரிந்த உடனே கம்பெனிகள் திருந்திவிட்டன என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் மேற்பார்வையாளர்களில் ஒருவரான கென்னத் ஹான் 1953-ல் ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். எஞ்சின் புகை காற்றில் சீக்கிரமே கலைந்துவிடும், அதனால் பிரச்சினை இல்லை என்ற பொருளில் பதில் வந்தது. அவரும் விடாமல் வருடக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாமதப்படுத்தக் கார் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்தன என்று 1969-ல் அமெரிக்க நீதித்துறையே வழக்குப் போட்டது. அது அந்த வருடமே சமரசத்தில் முடிந்தது.

1970 டிசம்பர் 31 அன்று அதிபர் நிக்சன் தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1975 மாடல் கார்களில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் 90 சதவீதம் குறைய வேண்டும், 1976 மாடலில் நைட்ரஜன் ஆக்சைடும் அதே அளவு குறைய வேண்டும் என்றது சட்டம். அதற்கான தொழில்நுட்பம் அப்போது யார் கையிலும் தயாராக இல்லை. கெடுக்கள் பலமுறை தள்ளிப்போயின. ஆனாலும் 1975 மாடல்களில் பெரும்பாலான அமெரிக்கக் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்துவிட்டது.

கன்வெர்ட்டர் என்றால் சைலன்சருக்கு முன்னால் இருக்கும் ஒரு டப்பா. உள்ளே தேன்கூடு மாதிரி சிறுசிறு துளைகள், மேலே பிளாட்டினம் போன்ற உலோகப் பூச்சு. புகை அதன் வழியாகப் போகும்போது நச்சு வாயுக்கள் தீங்கு குறைந்தவையாக மாறுகின்றன. யோசனை பழசு. பிரான்சில் பிறந்த யூஜின் ஹூட்ரி 1950-களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எஞ்சின் 'நாக்கிங்' இல்லாமல் ஓட 1920-களிலிருந்து சேர்த்து வந்தது அது. ஈயம் பட்டால் அந்தப் பூச்சு செத்துவிடும். அதனால் கன்வெர்ட்டருக்காக 1974-லிருந்து அமெரிக்க பங்க்குகளில் ஈயமில்லா பெட்ரோல் வைக்க வேண்டியதாயிற்று. ஈயம் மனித மூளைக்கே, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, விஷம். ஒரு டப்பாவைக் காப்பாற்றக் கொண்டுவந்த மாற்றம் மனிதர்களையும் காப்பாற்றியது.

கம்பி மேல் நடப்பது

1975-ல் வந்த கன்வெர்ட்டர் பாதி வேலைதான் செய்தது. கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் எரித்தது. நைட்ரஜன் ஆக்சைடைத் தொடவில்லை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் இரண்டையும் ஒழிக்க ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். மூன்றாவதை ஒழிக்க அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். ஒரே டப்பாவுக்குள் கொடுக்கவும் வேண்டும், பிடுங்கவும் வேண்டும்!

எங்கல்ஹார்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தில் கார்ல் கீத், ஜான் மூனி இருவரின் குழு 1970-களின் முதல் பாதியில் மூன்றையும் ஒழிக்கும் கன்வெர்ட்டரை உருவாக்கியது. ஆனால் அதற்கு ஒரு கண்டிஷன். எஞ்சினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் மிகச் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். எடையில் பார்த்தால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு சுமார் 14.7 பங்கு காற்று. (எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த எண் குறையும்.) இந்தச் சரியான நிலையை 'லாம்டா 1' என்பார்கள். அதிலிருந்து கொஞ்சம் விலகினாலும் மூன்றில் ஏதோ ஒன்று தப்பி வெளியே போய்விடும்.

குளிர்காலம், வெயில், மலையேற்றம், டிராஃபிக், கிழட்டு எஞ்சின்... எல்லா நிலையிலும் கார்புரேட்டரால் அந்த விகிதத்தைப் பிடித்து வைக்க முடியாது. எரிந்து முடிந்த புகையில் மிச்சம் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று ஒருவர் நொடிக்கு நொடி பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் நின்றுகொண்டு!

தோற்றுப்போன விளக்கு

இதற்கான பதில் 80 வருடங்களுக்கு முன்பே ஜெர்மனியில் எழுதப்பட்டிருந்தது. வால்டர் நெர்ன்ஸ்ட் என்ற பெயர் பிளஸ் டூ வேதியியலில் நெர்ன்ஸ்ட் சமன்பாடாக வரும். ஒரு பொருளின் செறிவு இரண்டு பக்கமும் வேறுபட்டால் நடுவே எவ்வளவு மின்னழுத்தம் உண்டாகும் என்று சொல்வது அது. அவர் அதைக் கொடுத்தது 1889-ல்.

இதே நெர்ன்ஸ்ட் 1897-ல் ஒரு மின்விளக்கு கண்டுபிடித்தார். சிர்கோனியா என்ற பீங்கான் வகைப் பொருளில் கொஞ்சம் இட்ரியா கலந்த குச்சி. எடிசன் பல்பு மாதிரி வெற்றிடக் கண்ணாடி தேவையில்லை, சாதாரணக் காற்றிலேயே எரியும். ஒரே தொல்லை, அது குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தைக் கடத்தாது. முதலில் சூடுபடுத்தினால்தான் வேலை செய்யும். அந்தக் காப்புரிமையை ஏ.இ.ஜி. நிறுவனம் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கியது. பின்னால் டங்ஸ்டன் பல்பு வந்ததும் நெர்ன்ஸ்ட் விளக்கு காணாமல் போனது. (நெர்ன்ஸ்ட் பெரிய கார்ப் பிரியர் என்பது கொசுறுத் தகவல்.)

அந்தக் குச்சியில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது? கார்ல் வாக்னர் என்ற ஜெர்மானியர் விடை சொன்னார். சிர்கோனியாவில் இட்ரியா கலக்கும்போது படிகத்துக்குள் ஆக்சிஜன் இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாகின்றன. சூட்டில் ஆக்சிஜன் அயனிகள் அந்தக் காலியிடங்கள் வழியாக நகர்ந்து போகின்றன. அதுதான் மின்னோட்டம். அவர் இதை வெளியிட்ட வருடம் 1943. லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற அதே வருடம்! இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சிர்கோனியாவை விரல் உறை மாதிரி செய்து, இரு பக்கமும் பிளாட்டினம் பூசி, வெளிப்புறம் எஞ்சின் புகை படும்படியும், உட்புறம் சாதாரணக் காற்று இருக்கும்படியும் வைத்தால் என்ன ஆகும்? காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருந்தால் வித்தியாசம் குறைவு, சுமார் 0.1 வோல்ட்தான் வரும். புகையில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லையென்றால் வித்தியாசம் பெரிது, சுமார் 0.9 வோல்ட் வரும். அதுவும் படிப்படியாக ஏறாமல், லாம்டா 1 என்ற இடத்தில் சட்டென்று தாவும். அளந்து சொல்ல இதைவிட வசதியான பொருளைக் கேட்டு வாங்க முடியாது.

1976: ஒரு ஸ்வீடன் கார்

ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்கு ஸ்பார்க் பிளக் செய்து செய்து, சூடு தாங்கும் பீங்கானில் பல பத்தாண்டு அனுபவம். ஆக்சிஜன் சென்சார் பார்ப்பதற்கு ஸ்பார்க் பிளக்கின் தம்பி மாதிரி இருப்பது தற்செயல் இல்லை. 1976-ல் உற்பத்தி தொடங்கியது. ஸ்வீடனின் வால்வோ தன் 240 வரிசைக் காரில், 1977 மாடலாக, கலிஃபோர்னியாவில் அதை முதலில் விற்றது. 'லாம்டா சோண்ட்' என்று பெயர். சென்சார் சொல்வதைக் கேட்டு ஒரு மின்னணுப் பெட்டி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். மூவழிக் கன்வெர்ட்டர் மூன்று நச்சையும் ஒழிக்கும். முடியவே முடியாது என்று பெரிய கம்பெனிகள் முனகிக்கொண்டிருந்த நைட்ரஜன் ஆக்சைடு அளவை ஒரு சிறிய நாட்டின் கம்பெனி அனாயாசமாகத் தாண்டியது.

அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் வேறு வழி இல்லாமல் போனது. 1981-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் வைத்தது. கம்ப்யூட்டர் சாதாரணக் காருக்குள் நுழைந்ததற்கு முக்கியக் காரணம் வேகமோ சொகுசோ இல்லை, புகைச் சட்டம்தான்!

ஆரம்ப சென்சார்களுக்கு ஒரே ஒரு வயர். புகையின் சூட்டில்தான் அது கண் விழிக்க வேண்டும். 300 டிகிரிக்கு மேல் போனால்தான் பேசும். நெர்ன்ஸ்ட் விளக்கின் அதே பழைய தொல்லை! 1982-ல் சென்சாருக்குள்ளேயே ஹீட்டர் வைத்தார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் நான்கு வயர் சென்சாரில் இரண்டு வயர் ஹீட்டருக்குத்தான்.

விளக்கு வந்த கதை

பழைய வால்வோவில் லாம்டா என்று எழுதிய ஒரு விளக்கு இருந்தது. குறிப்பிட்ட மைல் ஓடியதும் தானாக எரியும். சென்சார் கெட்டுவிட்டதா என்று அதற்குத் தெரியாது, கிலோமீட்டர் கணக்கு மட்டும்தான் தெரியும். எரிந்தால் மாற்று, அவ்வளவுதான்.

சோதித்துப் பார்த்து எரியும் விளக்கைக் கேட்டது கலிஃபோர்னியா. ஹாகன்-ஸ்மித் தலைமை வகித்த அதே வாரியம் 1985-ல் விதி போட்டு, 1988 மாடலிலிருந்து காரே தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றது. இது ஓபிடி. அடுத்து வந்த ஓபிடி-2, 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் கட்டாயம். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே 16 பின் சாக்கெட், ஒரே மாதிரி கோட் எண்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு ஆக்சிஜன் சென்சார் வந்தது. முன்னால் இருப்பது எஞ்சினைப் பார்க்கிறது, பின்னால் இருப்பது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கிறது.

"வண்டி நல்லாத்தானே ஓடுது" என்பவருக்குப் பதில் இதுதான். அந்த விளக்கு வண்டிக்குள் இருப்பவருக்காக மட்டும் வந்தது இல்லை. பின்னால் சைக்கிளில் வருபவருக்கும், சிக்னலில் பூ விற்பவருக்கும், ரோட்டோரப் பள்ளிக்கூடத்தில் மூச்சு விடும் பிள்ளைகளுக்கும் சேர்த்து வந்தது. வண்டி நன்றாக ஓடிக்கொண்டே நச்சைக் கக்க முடியும் என்பதுதான் லாஸ் ஏஞ்சல்ஸ் கற்றுக்கொண்ட பாடம்.

நம்மூருக்கு எப்போது?

1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கு நகரங்களிலும் விற்கும் புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. கூடவே ஈயமில்லா பெட்ரோலும் வந்தது. நாடு முழுக்க ஈயம் போனது 2000 பிப்ரவரியில். கார்களில் ஓபிடி முதல் கட்டம் 2010-ல், இரண்டாம் கட்டம் 2013-ல். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது கார்புரேட்டர் கிட்டத்தட்ட விடைபெற்றது. ஆக்சிஜன் சென்சாரும் மஞ்சள் விளக்கும் பைக், ஸ்கூட்டர் வரைக்கும் வந்துவிட்டன. ஆக, கார் இல்லாத நமக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. (உலகத்திலேயே கடைசியாகக் கார்களுக்கு ஈய பெட்ரோல் விற்பதை நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல்.)

சாட்சியை விசாரிப்பது எப்படி?

சரி, விளக்கு எரிகிறது. ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் 'பி0171' என்று வருகிறது. அர்த்தம்: கலவையில் பெட்ரோல் போதவில்லை, அதாவது 'லீன்'. இதைச் சொன்னது யார்? ஆக்சிஜன் சென்சார். உடனே "சென்சார் கோட் வருது, மாத்துங்க" என்றால், திருடனைக் காட்டிக்கொடுத்த சாட்சியைத் தூக்கி உள்ளே வைத்த கதை. பியூட்டடையீன் ஆலைக்குப் பூட்டுப் போட்டது போலத்தான்.

சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது. ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். அதை மறக்காமல் இருந்தால் பாதி விசாரணை முடிந்த மாதிரி.

இன்டேக் ஹோஸில் ஓட்டை இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். சென்சார் லீன் என்று சொல்லும், உண்மைதான். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தாலோ காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்திருந்தாலோ அப்படியே. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். எஞ்சினில் குறை இல்லாமலே லீன் என்று காட்டும். வேடிக்கையானது மிஸ்ஃபயர். ஸ்பார்க் பிளக் சரியாகப் பொறி விடாவிட்டால் பெட்ரோலும் எரியாது, ஆக்சிஜனும் எரியாது. செலவழியாத ஆக்சிஜனைப் பார்த்து சென்சார் லீன் என்கிறது, கம்ப்யூட்டரும் அதை நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றுகிறது!

அப்படியானால் சென்சாரே கெட்டுப்போகாதா? போகும். அதை நிரூபிக்க வழி இருக்கிறது. சாதாரண நான்கு வயர் சென்சார் உள்ள வண்டிகளில் இப்படிப் பார்க்கலாம்:

1. கண்ணால் பாருங்கள். வயர் உருகியிருக்கிறதா, கனெக்டரில் தண்ணீரோ பச்சைத் துருவோ இருக்கிறதா, ஹீட்டர் ஃபியூஸ் போயிருக்கிறதா. பல 'கெட்ட சென்சார்கள்' இந்த இடத்திலேயே பிழைத்துக்கொள்ளும்.

2. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஸ்கேனரில் லைவ் டேட்டா பாருங்கள். முன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே நில்லாமல் ஏறி இறங்க வேண்டும். பின் சென்சார் பெரும்பாலும் ஒரே அளவில், சுமார் 0.6, 0.7 என்று நிற்க வேண்டும். அதுவும் முன் சென்சார் மாதிரியே ஆடினால் சந்தேகம் கன்வெர்ட்டர் மேல்தான் போக வேண்டும்.

3. முக்கியமான சோதனை இது. சின்ன வேக்குவம் ஹோஸ் ஒன்றைக் கழற்றுங்கள். காற்று கூடுகிறது, வோல்ட் கீழே விழ வேண்டும். திரும்ப மாட்டிவிட்டு, எஞ்சின் ஓடும்போதே ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதியுங்கள். பெட்ரோல் கூடுகிறது, வோல்ட் மேலே போக வேண்டும். இரண்டுக்கும் உடனே பதில் சொன்னால் அந்தச் சாட்சி நம்பகமானது. பதிலே இல்லை அல்லது ரொம்பத் தாமதம் என்றால்தான் சென்சார் கெட்டது என்று சொல்லலாம்.

4. ஹீட்டர் கோட் (பி0135 போல) வந்தால், எஞ்சின் ஆறிய பிறகு ஹீட்டரின் இரண்டு வயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். பொதுவாகச் சில ஓம்கள் இருக்கும். முடிவில்லாமல் காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது.

'வைட்பேண்ட்' சென்சார் உள்ள வண்டிகளில் இந்த 0.1, 0.9 கணக்கு செல்லாது. அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல்தான் வழிகாட்டி.

கெட்டுப்போனது உறுதியானால் ஏன் கெட்டது என்றும் கேளுங்கள். தலை வெள்ளையாகப் பூத்திருந்தால் சிலிக்கான் கேஸ்கெட் பசையோ, கூலன்ட் கசிவோ காரணமாக இருக்கலாம். கரி அப்பியிருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். எஞ்சின் ஆயில் எரிந்தாலும் சென்சார் சாகும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுசு மாட்டினால் அதுவும் அதே வழியில் போய்ச் சேரும்.

மாற்றும் வேலை சிறியதுதான், ஆனால் பொறுமை வேண்டும். புகைக்குழாய் கொதிக்கும்போது தொடவே கூடாது, கை வெந்துவிடும். துரு கழற்றும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் ஸ்பேனர், வயர் நுழைய வாய் பிளந்த சாக்கெட் என்றால் இன்னும் வசதி. புதியதன் மரையில் இறுகிப்போகாமல் இருக்கப் பூச்சு இருக்கும். இல்லாவிட்டால் மரையில் மட்டும் தடவ வேண்டும், தலையில் படக்கூடாது. கனெக்டரில் கிரீஸ் அப்பாதீர்கள், வயரை வெட்டி ஈயப்பற்று வைக்காதீர்கள். காரணம் அழகானது: பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை அந்த வயரின் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. அதை அடைத்தால் சென்சார் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

மாட்டிய பிறகு கோடை அழித்துவிட்டு, சில நாள் ஓட்டி, கார் தன் சோதனைகளை முடித்ததும் மறுபடி பாருங்கள். கோடை அழித்ததால் விளக்கு அணைவது வேறு, கோளாறு போனதால் அணைவது வேறு.

கடைசியாக ஒன்று

1943 முதல் 1950 வரை லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தவற்றைப் பார்த்தால், அந்த ஊர்க்காரர்கள் முட்டாள்கள் இல்லை. ஆலை நாற்றம் அடித்தது உண்மை, கந்தகம் கெட்டது என்பதும் உண்மை. குறை என்னவென்றால் சந்தேகத்துக்கும் முடிவுக்கும் நடுவே ஒரு சோதனை இல்லை. ஹாகன்-ஸ்மித் கொண்டுவந்து சேர்த்தது அந்தச் சோதனையைத்தான்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டு வண்டியில் விளக்கு எரிந்து, "சென்சார் போச்சு, சில ஆயிரம் ஆகும்" என்று யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம். "என்ன கோட் வந்துச்சு? சென்சார் பதில் சொல்லுதான்னு பாத்தீங்களாண்ணே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார். மீதமாவது உங்கள் அப்பாவின் பணம், சுத்தமாவது நம் எல்லாருடைய காற்று.